அறியாது ஊட்டியதும் வதையாகுமா?

அன்பினால் செய்த ஒரு செயல் ஓர் உயிரின் மரணத்தில் முடியுமாயின், அதனை அன்பின்பாற் படுத்துவதா, வதையின்பாற் படுத்துவதா? இவ்வினா நமக்கு நூல்களிலிருந்து எழவில்லை. நம் இல்லத்து அடுக்களையிலிருந்து எழுந்தது. நிகழ்ந்ததை மறையாது அன்பர்கள்முன் வைத்து, அதுபற்றிச் சிறிது சிந்திக்க விழைகின்றோம்.

2022ஆம் ஆண்டு ஆடி மாதம். நம் தாழ்வாரத்தில் ஒரு கூண்டும், அதனுள் பெயர்த்திக்காக வாங்கிய சிறு கிளிகள் இரண்டும் இருந்தன. கடைவீதியில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று சொல்லி விற்கப்படுபவை அவை. உண்மையில் பட்ஜெரிகர் என்னும் ஆஸ்திரேலிய நாட்டுக் கிளியினம். அந்நாட்களில் மலைநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் ‘பட்டர் புரூட்’ எனப்படும் வெண்ணெய்ப் பழம் கொணர்ந்தார். அதனைச் சர்க்கரையிட்டுப் பிசைந்து குழந்தைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தபொழுது பெயர்த்தி, “தாத்தா, கிளிக்கும் கொடுக்கலாமா?” என்று கேட்டாள். “கொடு அம்மா, அதுவும் நம்மைப்போல் ஓர் உயிர்தானே” என்று விடை சொன்னவர் நாமே. கரண்டியைக் கம்பிக்கு அருகே பிடித்துக் கொண்டவரும் நாமே. ஆண்கிளி ஆவலோடு உண்டது. பெண்கிளி அருகில் வரவில்லை.

மறுநாள் நண்பகலில் ஆண்கிளி இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் அடித்தட்டில் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் அதன் வால் ஏறி இறங்கியது. ஆடிக்காற்றின் குளிர் என்று கருதிக் கூண்டின்மேல் துணியைப் போர்த்தினோம். பொழுது புலருமுன் அது இறந்துவிட்டது. பின்னர்த் தொலைபேசியில் கால்நடை மருத்துவரிடம் செய்தியைச் சொன்னபொழுது அவர் கேட்ட முதல் வினா, “நேற்று என்ன கொடுத்தீர்கள்?” என்பதாகும்.

வெண்ணெய்ப் பழத்தில் பெர்சின் என்றொரு பொருள் உள்ளது. மனிதர்க்கு அதனால் தீங்கில்லை. பறவைக்கோ அது இதயத் தசையைத் தாக்கி, நெஞ்சில் நீர் கோக்கச் செய்து, ஓரிரு நாளில் உயிரைப் போக்கவல்லது. கூண்டுப் பறவைகள் இப்பழத்தால் மடிந்தமை பற்றி 1989ஆம் ஆண்டிலேயே அமெரிக்கக் கால்நடை மருத்துவ ஏடு ஒன்றில் ஆய்வுரை வந்துவிட்டது. முப்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின்னும் நாம் அறியாதிருந்தோம் என்பதே இங்கு நம்மை உறுத்துவது.

வீட்டில் மூன்று கருத்துகள் எழுந்தன. நம் இல்லத்தரசியார், “அதன் ஆயுள் வினை அவ்வளவே” என்றார். மகன், “கொல்லும் எண்ணம் நமக்கில்லை; எண்ணமில்லாத இடத்தில் பாவமேது?” என்றான். பெயர்த்தி மட்டும், “ஆனால் நாம்தானே கொடுத்தோம்?” என்றாள். முதல் இரண்டு கருத்துகளுக்கும் நூலாதரம் உண்டு. எனினும் மூன்றாவதே நம்மை உறங்கவிடவில்லை.

எண்ணத்தை முதன்மையாகக் கொள்வது நம் ஆன்றோர் நெறி என்பது உண்மையே. யசோதரன் வரலாற்றை நம் இல்லங்களில் அறியாதார் இலர். அவன் உயிருள்ள கோழியைக் கொல்லவில்லை. தாயின் சொல்லை மறுக்க மாட்டாது, மாவினாற் செய்த கோழியையே பலியிட்டான். உயிர் போகாத அந்தப் பலியே அவனைப் பிறவிதோறும் துன்பத்தில் ஆழ்த்தியது. ஏனெனில் பலியிடும் பாவனை அங்கு இருந்தது. இதனைத் தலைகீழாகத் திருப்பி, பாவனை இல்லையாயின் உயிரே போனாலும் குற்றமில்லை என்று முடிவு கட்டிவிடுகின்றனர் பலர். நாமும் முதலில் அவ்வாறே ஆறுதல் தேடினோம்.

ஆயின் அக்கணக்கு அவ்வளவு எளிதன்று. உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்து, உயிரைப் பிரிப்பதை மட்டும் கூறி விடுத்தாரல்லர். பிரமாதத்தோடு கூடிய செயலால் பிரிப்பது என்றார். இச்சொல்லுக்குத் தமிழ்நாட்டில் நேர்ந்த கதி வியப்பானது. உணவு சுவையாயிருந்தால் ‘பிரமாதம்’ என்கிறோம்; ஆகமத்திலோ அச்சொல் விழிப்பின்மையை, அசட்டையைக் குறிக்கும். ஈரியா சமிதியோடு நிலத்தை நோக்கி அடியெடுத்து வைக்கும் முனிவரின் காலடியில் எதிர்பாராது ஒரு சிற்றுயிர் மடிந்தால் அவர்க்கு அவ்வினை ஒட்டுவதில்லை. நிலத்தைப் பாராமல் நடப்பவனுக்கோ, ஓர் உயிரும் மடியாவிடினும் இம்சையின் குற்றம் உண்டு. எனவே கேட்க வேண்டிய கேள்வி, ‘அன்பு இருந்ததா?’ என்பதன்று, ‘பார்த்து அடி வைத்தோமா?’ என்பதே. அன்று அக்கரண்டியை நீட்டுமுன் நாம் நிலத்தைப் பார்க்கவில்லை.

“அடுக்களையில் நேரும் இம்சையெல்லாம் ஆரம்பீ இம்சை, இல்லறத்தான் அதனைத் தவிர்க்க இயலாது” என்று நண்பர் ஒருவர் நம்மைத் தேற்ற முயன்றார். அவர் அன்புக்கு நன்றி. ஆனால் அடுப்பு மூட்டுவதும், நெல் குற்றுவதும், வீடு பெருக்குவதும் உயிர் வாழ்வதற்கு வேண்டியவை. தாழ்வாரத்தில் கிளி இருப்பது எவர் வாழ்வுக்கும் வேண்டியதன்று. நம் விருப்பத்துக்காக நாமே ஏற்படுத்திக்கொண்ட நிலை அது. தவிர்க்கக்கூடியதைத் தவிர்க்க இயலாததன் கணக்கில் எழுதுவது நேர்மையன்று.

காட்டிலும் தோப்பிலும் திரியும் கிளியை எண்ணிப் பாருங்கள். அது கூட்டத்தோடு மேய்வது. இளங்கிளி மூத்தவற்றோடு சென்று, எந்த மரத்தில் எப்பருவத்தில் அமர்வது, எதனைக் கடித்து எதனை உதறுவது என்று கண்டு தேர்கிறது. ஒன்று ஒவ்வாவிடின் அடுத்த கிளைக்குத் தாவும். பறந்து சென்று வேறு தேடும். கூண்டில் அடைத்த கணத்தில் இவையனைத்தையும் நாம் பறித்துக்கொள்கிறோம். அதன் தோட்டம், கூட்டம், பருவம், தேர்வு எல்லாம் நாம் வைக்கும் ஒரு சிறு கிண்ணமாகச் சுருங்குகின்றன. வேறு வழியில்லாத உயிருக்கு நாம் நீட்டுவதே உலகம். ஆகவே, தெருவில் போகும் காக்கைக்கு அறியாது ஒன்றை இட்டவனின் அறியாமையும், கூண்டில் அடைத்த கிளிக்கு அறியாது ஒன்றை ஊட்டியவனின் அறியாமையும் ஒரு நிறையுடையன அல்ல. கதவைச் சாத்தியவன், அவ்வுயிர் தனக்குத்தானே செய்துகொண்டிருந்த ஆராய்ச்சியைத் தான் செய்யக் கடமைப்பட்டவன் ஆகிறான். அதனைச் செய்யாமை வெறும் அறியாமையன்று, அதுவே பிரமாதம் என்பது நம் முடிவு.

அருங்கலச் செப்பும் அதற்கு முதலான இரத்தின கரண்டகமும் கொல்லாமை விரதத்தின் அதிசாரங்களாகச் சொல்லும் ஐந்தில் கட்டுதல், உறுப்பரிதல், உணவை விலக்கல் ஆகியன உண்டு. கூண்டு கட்டுதலாகும், சிறகின் நுனியைக் கத்தரித்தல் உறுப்பரிதலை ஒக்கும். உணவை விலக்கல் என்பதற்குப் பட்டினி போடுதல் என்றே நாம் இதுகாறும் பொருள் கொண்டிருந்தோம். உண்ணத் தகாததால் கிண்ணத்தை நிரப்பி, உண்ணத் தகுந்ததற்கு இடமின்றிச் செய்வதும் அதன்பாற் படும் என்று இப்பொழுது எண்ணுகிறோம்.

நாம் செய்யும் பிழைகளுக்கெல்லாம் வேர், நம் நாவினால் பிற உயிரின் நாவை அளப்பதே. ஒரு சான்று கூறுவோம். கிளிக்கு மிளகாய்ப் பழம் கொடுப்பதைக் கண்டால் சிலர் ‘ஐயோ, எரியுமே’ என்று பதறுவர். மிளகாயின் எரிச்சலை உண்டாக்கும் காப்சைசின் என்னும் பொருள் பாலூட்டிகளின் நரம்பிலேயே எரிச்சலை மூட்டுகிறது. பறவைகளின் நரம்பில் அதற்குரிய வாயில் அப்பொருளுக்குத் திறப்பதில்லை. 2002ஆம் ஆண்டில் இது ஆய்வினால் தெளிவாயிற்று. ஆகவே மிளகாய் கிளிக்கு வெறும் பழமே. அதே நண்பர் குழந்தையின் கையிலிருந்து ஒரு துண்டுச் சாக்கலேட்டைக் கிளிக்குக் கொடுத்து மகிழ்வார். சாக்கலேட்டிலுள்ள தியோபுரோமினும் காஃபீனும் பறவையின் இதயத்தை விரைந்து துடிக்கச் செய்து, வலிப்பையும் மரணத்தையும் விளைவிக்கக்கூடியவை. கொடுமை என்று நாம் அஞ்சியது தீங்கற்றது. கருணை என்று நாம் மகிழ்ந்தது நஞ்சு.

அளவையும் எண்ண வேண்டும். அச்சிறுகிளியின் எடை 35 கிராம் அளவே. அது உண்ணும் ஒரு கிராம், அறுபது கிலோ எடையுள்ள மனிதர் ஒருவர் ஏறத்தாழ 1,700 கிராம் உண்பதற்கு ஒப்பாகும். ‘ஒரு துளிதானே’ என்று நாம் சொல்லும் துளி யாருடைய துளி? முறுக்கு, மிக்சர், அப்பளம், ஊறுகாய் ஆகியவற்றின் உப்பும் இவ்வாறே அதற்கு மிகையாகும். காப்பி, தேநீரில் நனைத்த ரொட்டியும் ஆகாது.

‘பாலும் பழமும்’ ஊட்டிக் கிளி வளர்த்ததாகக் கதைகளில் கேட்டிருக்கிறோம். அதில் பாதியே சரி. பறவை குஞ்சுக்குப் பாலூட்டும் இனமன்று. பாலின் சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. பாற்சோறு அதற்கு வயிற்றுப்போக்கையே தரும். பழத்திலும் ஆப்பிளின் விதை, பீச் போன்ற கனிகளின் கொட்டை ஆகியவற்றில் சயனைடு நஞ்சைத் தோற்றுவிக்கும் பொருள் இருப்பதால் அவற்றை நீக்கியே தர வேண்டும். ஊறவைத்து வேகவைக்காத உலர்ந்த பீன்ஸ் விதைகளும் தீங்கு செய்யும்.

வெங்காயமும் பூண்டும் பறவையின் இரத்த அணுக்களைச் சிதைப்பவை. நம் இல்லங்களில் அவை இல்லையே என்று நாம் சற்றுப் பெருமிதம் கொள்ளலாம். ஒரு நண்பர் இதனைக் கேட்டுப் பெருமிதமும் கொண்டார். ஆயின் நம் வீட்டுக் கிளி வெங்காயத்தால் சாகவில்லை. கந்தமூலம் நுழையாத தூய அடுக்களையிலிருந்தே அதன் நஞ்சு புறப்பட்டது. நம் விரதம் நமக்கு வகுத்தது. கிளியின் உடல் நம் விரதப் பட்டியலைப் படித்து அமைந்ததன்று.

வேர்க்கடலையைப் பற்றிச் சற்று விரித்தே கூற வேண்டும். வந்தவாசி, திண்டிவனம் பக்கங்களில் நம்மவர் பலரும் மணிலாப் பயிர் செய்பவர்கள். காய் உடைக்கும் காலத்தில் நல்ல பருப்பு மூட்டைக்குப் போகும். எண்ணெய்க்கும் உதவாத சொத்தையும் கறுத்ததும் ஒரு முறத்தில் ஒதுங்கும். ‘இது பட்சிகளுக்கு ஆகும்’ என்று அதனை எடுத்து வைக்கிறோம். ஈரத்தில் கிடந்த கடலையில் படரும் பூஞ்சணம் அஃப்ளாடாக்சின் என்னும் கடுநஞ்சை உண்டாக்குகிறது. அது கல்லீரலை அழிப்பது. உலகம் இதனைக் கண்டுகொண்டதே பறவைகளின் சாவினால்தான். 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. தேடியபொழுது, பிரேசில் நாட்டிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் அந்நஞ்சு இருந்தமை வெளிப்பட்டது. நம் குழந்தைக்குக் கொடுக்கத் துணியாத பருப்பைப் பறவைக்கு இடுவது ஈகை என்று நாம் எண்ணியிருந்தோம். சொத்தையை ஒதுக்க நமக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. கிளியின் கிண்ணம் அதற்கு வாய்த்தது. இதைத் தானம் என்று எழுதக் கை கூசுகிறது.

நல்ல தானியமே ஆனாலும் அது மட்டும் போதாது. சூரியகாந்தி விதையையே நாளெல்லாம் கொடுத்தால் கொழுப்பு மிகுந்து கல்லீரல் கெடும். ‘ஏ’ உயிர்ச்சத்துக் குறைந்து மூக்கிலும் தொண்டையிலும் நோய் காணும். இதற்குக் காரட் கொடுக்குமாறு நூல்கள் கூறும். கிழங்கு வகையை வீட்டுக்குள் கொணர்வதா என்று அன்பர்கள் தயங்க வேண்டியதில்லை. பரங்கிக்காய், பப்பாளி, முருங்கைக்கீரை ஆகியன அச்சத்தை நிரம்பவே தரும். தினை, சாமை, கம்பு, கொய்யா, கொவ்வைப்பழம் இவை நம் பக்கத்தில் எளிதிற் கிடைப்பன.

ஒன்றில் கிளிகள் நம்மினும் சிறந்த விரதிகள். பொழுது சாய்ந்தபின் அவை உண்பதில்லை. இரவுண்ணாமை அவற்றுக்கு இயல்பு. ஆகவே மாலையில் கிண்ணத்தை எடுத்துக் கழுவிக் கவிழ்த்துவிடலாம். இரவெல்லாம் கிடந்து புளித்த பழத்தையும் ஊறிப்போன தானியத்தையும் விடியலில் அவை உண்ண நேராது. கூண்டை அடுக்களையில் வைத்தலும் கூடாது. ஒட்டாத பூச்சுள்ள தோசைக்கல் அளவுக்கு மீறிக் காய்ந்தால் எழும் ஆவி, மனிதர்க்கு முன்பே பறவையைக் கொன்றுவிடும்.

நோயை மறைப்பது பறவையின் இயல்பு என்பதையும் அன்று நாம் அறியோம். நலிந்ததைப் பருந்து முதலில் தேர்ந்தெடுக்கும் ஆதலால், நிற்க முடியும்வரை அவை நலமுடையன போன்றே நிற்கும். இறகு சிலிர்த்துத் தரையில் அமர்ந்துவிட்டால் காலம் பெரும்பாலும் கடந்துவிட்டது என்று பொருள். அந்நேரத்தில் நாம் துணி போர்த்திக்கொண்டிருந்தோம்.

“இவ்வளவு இடர் எதற்கு? திறந்து விட்டுவிடலாமே” என்று கேட்கலாம். நம் நாட்டுப் பச்சைக்கிளியானால் அக்கேள்விக்கே இடமில்லை. அதனைப் பிடிப்பதும் விற்பதும் வைத்திருப்பதும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். அத்தகைய கிளி வீட்டிலிருந்தால் வனத்துறையினரிடம் ஒப்புவிப்பதே முறை. தில்லிச் செங்கோட்டைக்கு எதிரே திகம்பரர் லால் மந்திர் வளாகத்தில், 1929இல் தொடங்கிய பறவை மருத்துவமனையில், குணமான பறவைகளைப் பறக்க விட்டுவிடுவது வழக்கம். ஆயின் பட்ஜெரிகர் போன்றவை தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்தவை. வெளியே விட்டால் இரை தேட அறியாமல் ஒரு நாளில் காக்கைக்கு இரையாகும். விழாக்களில் பறவைகளை விலைக்கு வாங்கி விடுவிப்பாரும் ஒன்று எண்ண வேண்டும்: அவ்விலை அடுத்த வலைக்கு முதலாகிறது.

சிந்தாமணியின் முத்தி இலம்பகத்தில் சீவகனின் முற்பிறப்பு கூறப்படுகிறது. அன்னப் பார்ப்பு ஒன்றைப் பிடித்து வந்து அடைத்து வைத்தான். கொல்வதற்காக அன்று, வளர்ப்பதற்காகவே. தந்தை அறங்கூறத் தெளிந்து அதனை விடுவித்தும் விட்டான். ஆயினும் சுற்றத்தைப் பிரித்த அவ்வினை, மறுபிறப்பில் பிறந்த அன்றே பெற்றோரைப் பிரியும்படி அவனை வருத்தியது. இளமையில் இப்பகுதியைப் படித்தபொழுது, சிறுபிள்ளை விளையாட்டுக்கு இத்தனை தண்டனையா என்று நமக்குத் தோன்றியதுண்டு. இப்பொழுது அவ்வாறு தோன்றவில்லை.

மற்றொருபுறம், சென்னை இராயப்பேட்டையில் அன்பர் ஒருவர் மொட்டை மாடியில் ஊறவைத்த அரிசியைப் பரப்பி, ஆயிரக்கணக்கான கிளிகளுக்குப் பல்லாண்டுகள் உணவளித்து வந்தமை பலரும் அறிந்தது. அங்கே கதவு இல்லை. வேண்டியது வந்து உண்டது. வேண்டாதது பறந்து சென்றது. கிளியின்மீது விருப்பமுடைய குழந்தை வீட்டில் இருந்தால், கூண்டு வாங்குமுன் மாடிக்கு அழைத்துச் செல்லலாம் என்பதே நாம் அன்பர்களுக்குக் கூறத்தக்கது.

நம் வீட்டில் எஞ்சிய பெண்கிளிக்கு அது பொருந்தாது. கூட்டமாக வாழும் இனம் தனித்திருப்பதும் ஒரு துன்பம். துணைக்கென மற்றொன்றை விலைக்கு வாங்குவதோ இன்னொரு கூண்டுப் பிறவிக்கு நாமே பணம் கொடுப்பதாகும். இரண்டு மாதம் முடிவு காணாது தயங்கினோம். பிறகு, ஊர் மாறிச் செல்லவிருந்த பக்கத்து வீட்டார் தம்மிடமிருந்த ஒற்றைக் கிளியை என் செய்வதென்று அறியாதிருந்தமை தெரிந்து, அதனைக் கேட்டுப் பெற்றுக்கொண்டோம். இது சரியான தீர்வா என்று உறுதி கூற மாட்டோம்.

புதிதாக எதனையேனும் கொடுக்குமுன் மருத்துவரைக் கேட்பது இப்பொழுது வழக்கமாகிவிட்டது. முருங்கைக்கீரைக்கும் கேட்டோம், கொடுக்கலாம் என்றார். பெயர்த்தி ஓர் இணுக்கைக் கழுவிக் கம்பியில் செருகினாள். மூன்று நாள் அவை அதன் பக்கம் திரும்பவே இல்லை. நாள்தோறும் வாடியதை எடுத்துப் புதியதைச் செருகி வந்தாள். நான்காம் நாள் பெண்கிளி மெல்ல நகர்ந்து வந்து, தலையைச் சாய்த்து வெகுநேரம் பார்த்துவிட்டு, ஒரே ஓர் இலையை மட்டும் கொத்தியது.